சின்னப் பொருள்களும் காப்புரிமையும் – ஒரு பாத்திரக் கடைக்காரனின் குறிப்புகள்

நம் சங்க மலருக்கு நான் வழக்கமாகக் கல்வெட்டு, பழைய சமண நூல்கள் என்று ஏதாவது எழுதிக் கொடுப்பவன். இந்த முறை மலர்க் குழுவில் இருக்கும் தம்பி ஒருவர், "நயினார், எப்பப் பார்த்தாலும் கல்லைப் பத்தியே எழுதுறீங்களே, கடையைப் பத்தி ஒண்ணு எழுதக் கூடாதா?" என்று கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1982ல் பெரியப்பா கூப்பிட்டுக் கல்கத்தா வந்தவன் நான். லேக் மார்க்கெட் பக்கம் நாற்பது வருஷத்துக்கு மேல் பாத்திரம் விற்றாயிற்று. அந்தப் பாத்திரங்களின் அடியில் பொறித்திருக்கும் ஒரு வாசகம் ரொம்ப நாளாக என் மனசில் கிடக்கிறது. அதைப் பற்றியே எழுதுகிறேன்.

ஸ்டவ், குக்கர், தேங்காய்த் துருவி, காய் நறுக்கும் கருவி என்று எதைத் திருப்பிப் பார்த்தாலும் சிலவற்றில் "பேட்டண்ட் அப்ளைட் ஃபார்" என்று இருக்கும். காப்புரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம் என்று பொருள். விண்ணப்பித்திருக்கிறார்கள் என்பதோடு சரி. உரிமை கிடைத்துவிட்டது என்று ஆகாது. கடைக்கு வரும் படித்தவர்கள்கூட அதைப் பார்த்து, "அரசாங்க முத்திரை இருக்கு, நல்ல சரக்கு" என்கிறார்கள். தரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. விண்ணப்பிக்காமலே இப்படிப் பொறித்தால் அது அபராதத்துக்கு உரிய செயல் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பிரஷர் குக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பெயர் வணிகக் குறி. கண்ணுக்குத் தெரியும் வடிவத்தைத் தனியாகப் பதிவு செய்யலாம்; முதலில் 10 ஆண்டு, பிறகு இன்னும் 5 ஆண்டு. மூடி எப்படிப் பூட்டிக்கொள்கிறது, நீராவி எப்படி வெளியேறுகிறது என்ற வேலைமுறை இருக்கிறதே, அதற்குத்தான் காப்புரிமை. புத்தகம் எழுதினவருக்கு உள்ள பதிப்புரிமை இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு.

காப்புரிமையை வியாபாரி பாஷையில் சொன்னால் அது ஒரு பேரம். நீ கண்டுபிடித்ததை, வேறொரு தொழிலாளி படித்துப் பார்த்துச் செய்யும் அளவுக்கு, ஒளிக்காமல் எழுதிக் கொடு. பதிலுக்கு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு உன்னைத் தவிர யாரும் அதைச் செய்து விற்காமல் பார்த்துக்கொள்ள உனக்கு உரிமை தருகிறேன் என்கிறது அரசு. 20 ஆண்டு முடிந்தால் அது ஊர்ப் பொதுச் சொத்து. அமெரிக்காவில் ஜில்லெட் தன் கழற்றி மாற்றும் பிளேடு ரேசருக்கு 1904 நவம்பரில் உரிமை வாங்கினார். அன்றைய அமெரிக்கக் கணக்கு 17 ஆண்டு. 1921ல் அது முடிந்ததும் யார் வேண்டுமானாலும் அதைச் செய்யலாம் என்றாகிவிட்டது.

இந்தப் பேரத்துக்கு மூன்று நிபந்தனை. பொருள் புதியதாக இருக்க வேண்டும். தொழிலில் பயன்பட வேண்டும். மூன்றாவது, அந்தத் தொழில் தெரிந்தவனுக்குச் சட்டென்று தோன்றிவிடக் கூடியதாக இருக்கக் கூடாது. நம்மைப் போன்ற சின்னப் பொருள்காரர்கள் இடறி விழுவது இந்த மூன்றாவதில்தான். நான் முதலாவதிலேயே விழுந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

கல்கத்தாவில் தொடங்கிய கதை

நம் ஊர்க்காரர்கள் பெருமைப்பட ஒரு விஷயம். இந்தியாவில் இதற்கென்று முதல் சட்டம் வந்தது 1856ல். அதே ஆண்டு மார்ச் 3ஆம் தேதி, ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற சிவில் இன்ஜினியர் இதே கல்கத்தாவில், கிராண்ட்ஸ் லேன் முகவரியிலிருந்து ஒரு மனுப் போட்டார். எதற்கு? பங்கா இழுக்கும் இயந்திரத்துக்கு. துரைமார் தலைக்கு மேல் துணி விசிறியைக் கட்டி, வெளியே ஒரு ஆள் உட்கார்ந்து நாள் முழுக்கக் கயிறு இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த வேலையைச் செய்யும் இயந்திரத்துக்குத்தான் நாட்டின் முதல் காப்புரிமை, 14 ஆண்டுக்கு. நீராவி எஞ்சினுக்கோ தந்திக்கோ அந்த முதல் இடம் கிடைக்கவில்லை. வீட்டில் புழங்கும் விசிறிக்குக் கிடைத்தது! அந்த 1856ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மகாராணியின் முன் அனுமதி வாங்கவில்லை என்று அடுத்த ஆண்டே அதை ரத்து செய்து, 1859ல் மறுபடி சட்டம் போட்டார்கள். 1911ல் புதுச் சட்டம். இப்போது நடப்பது 1970ஆம் ஆண்டுச் சட்டம், பல திருத்தங்களோடு.

மிர்ஜாபூர்த் தட்டு

எங்கள் பாத்திரத் தொழிலிலேயே நடந்த ஒரு வழக்கு இருக்கிறது. காப்புரிமை படிக்கும் வக்கீல் பிள்ளைகள் எல்லாரும் அதைப் படிக்கிறார்கள். பாத்திரக் கடைக்காரர்களுக்கு மட்டும் தெரிவதில்லை.

ஹவுராவிலிருந்து டில்லி போகும் பாதையில் மொகல்சராய் தாண்டினால் மிர்ஜாபூர். பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர் போன ஊர். வார்த்தெடுத்த தட்டு சொரசொரவென்று இருக்கும். அதை லேத்தில் மாட்டிச் சுழலவிட்டு, உளியால் சீவி, பளபளப்பு ஏற்ற வேண்டும். மாட்டுவதுதான் கஷ்டம். ஆழமான சொம்பு என்றால் பிடிக்க இடம் உண்டு. தட்டைத் தட்டுக்கு என்ன செய்வது? லேத்தின் சுழலும் தலைப்பக்கத்தில், சூட்டில் இளகி ஆறினால் இறுகும் பசையை வைத்து ஒட்டிவிடுவார்கள், அரக்கு மாதிரி. இல்லாவிட்டால் சக்கின் தாடையில் கவ்வ விடுவார்கள். வேகமாகச் சுழலும்போது பிடி விட்டால் தட்டு பறக்கும். ஆள் முகத்தில் படும்.

அந்த ஊரில் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனத்தின் பங்குதாரர் ஒருவர் 1951ல் இதற்கு வழி செய்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு முனையுள்ள தண்டு வந்து, சுழலும் தட்டைத் தலைப்பக்கத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பசை வேண்டாம், வேகம் கூடும், ஆளுக்கும் ஆபத்தில்லை. 1951 டிசம்பர் 13ஆம் தேதி விண்ணப்பித்தார்கள், காப்புரிமையும் கிடைத்தது. இதற்குள் அதே ஊரின் இன்னொரு பாத்திர நிறுவனமான பிஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் அதே முறையைக் கையாளுகிறது என்று வழக்கு. அவர்கள் சொன்ன பதில்: "இதில் கண்டுபிடிப்பு எங்கே இருக்கிறது? லேத்தில் எதிர்ப்பக்கத் தண்டு கொடுத்துத் தாங்குவது எந்தக் கடைசல்காரனுக்கும் தெரிந்ததுதானே?"

அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி காப்புரிமையை ரத்து செய்தார். அதே மன்றத்தின் மேல்முறையீட்டு அமர்வு அதைத் திருப்பிப் போட்டு, உரிமை செல்லும் என்றது. உச்ச நீதிமன்றம் தனி நீதிபதி சொன்னதே சரி என்று முடித்தது. தெரிந்த பாகங்களைத் தெரிந்த விதத்தில் சேர்ப்பது பட்டறைச் சீர்திருத்தம்; அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியாது. காப்புரிமை அலுவலகம் சீல் வைத்துக் கொடுத்துவிட்டது என்பதாலேயே அது செல்லும் என்ற உத்தரவாதமும் இல்லை என்றது. தீர்ப்பு வந்த நாள் 1978 டிசம்பர் 13. விண்ணப்பித்த அதே தேதி, சரியாக 27 வருஷம் கழித்து! அன்றைய சட்டப்படி உரிமையின் ஆயுளே 16 ஆண்டுதான். எதற்காகச் சண்டை போட்டார்களோ அதன் ஆயுள் முடிந்து 11 வருஷம் ஆகியிருந்தது.

தீர்ப்பு சட்டப்படி சரி என்றே எனக்குப் படுகிறது. ஆனால் தட்டு பறக்கிற பட்டறையில் நிற்பவனுக்கு அது "பட்டறைச் சீர்திருத்தம்" மட்டும்தானா என்று கேட்டால், எனக்குப் பதில் சொல்ல வாய் வராது. காரணம், அந்தத் தழும்புள்ள முகத்தை நான் தினமும் பார்த்தவன்.

எங்கள் கடகடத் தட்டு

ஹவுராவில் எங்களுக்கு ஒரு சின்னக் கடைசல் பட்டறை இருந்தது. அங்கே இருந்த மிஸ்திரி மிர்ஜாபூரில் சின்ன வயசில் தொழில் பழகினவர். பசை விட்டுப் பறந்த தட்டு ஒன்று அவருடைய இடது புருவத்தை இரண்டாகப் பிளந்திருந்தது. எழுத்து சரியாக வராது. கை மட்டும் தங்கம்.

நம் பாட்டிமார் இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்றும்போது ஒரு காலணாவோ நாலணாவோ உள்ளே போடுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் கொதிக்கும்வரை காசு கடகடவென்று ஆடும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது, பானை தீயப் போகிறது என்று அர்த்தம். 1993ல் என் வீட்டில் சாப்பிட வந்த மிஸ்திரி இந்தச் சத்தத்தைக் கேட்டு என்னவென்று விசாரித்தார். அடுத்த வாரமே உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைத் தட்டைச் செய்து கொண்டுவந்தார். கவிழ்த்த தட்டு, ஓரத்தில் மூன்று வெட்டு. அடியில் சேரும் நீராவி ஒரு பக்கத்தைத் தூக்கும், வெட்டு வழியாகத் தப்பும், தட்டு விழும். காசு போடும் சத்தத்தைவிட நாலு மடங்கு. அடுத்த அறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாலும் கேட்கும். பாலுக்கும் போடலாம்.

1994 பொங்கல் விழாவில் நம் தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு மேசை போட்டு விற்றோம். ஒரே நாளில் அறுபதும் போயிற்று. மாமிகள் எல்லாம், "நயினார், இன்னும் ரெண்டு எடுத்து வையுங்கோ" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறு வருஷமே பெரிய தயாரிப்பாளர் ஒருவருடைய சரக்கு படா பஜாரில் இறங்கியது. அலுமினியம். அதே மூன்று வெட்டு. அடியில் "பேட்டண்ட் அப்ளைட் ஃபார்". நாங்கள் விற்ற விலையில் பாதி. மிஸ்திரி அதைக் கையில் வைத்து ரொம்ப நேரம் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: "பாபு, இதை அவங்களுக்கு நீங்க வித்துட்டீங்களா?"

இல்லை என்று சொன்னேன். பில் புத்தகத்தைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் அதற்குப் பிறகு புதிதாக எதையும் செய்து என்னிடம் கொண்டுவரவில்லை. கொடுத்த வேலையை மட்டும் செய்தார்.

அப்போது காப்புரிமை அலுவலகம் நிஜாம் பேலஸ் வளாகத்தில் இருந்தது. இப்போது சால்ட் லேக் செக்டர் ஐந்தில். அங்கே போனேன். ஒரு நல்ல அதிகாரி உட்கார வைத்துப் பேசினார். முதலில் விற்றது நீங்கள்தான் என்பதற்குப் பில் இருக்கிறதா என்றார். இருக்கிறது என்றேன். "அதை வைத்து அவர்களுக்குக் கிடைக்காமல் செய்யலாம். உங்களுக்கும் கிடைக்காது. பொங்கல் மேசையில் வைத்து விற்ற அன்றே அது புதுசு இல்லை என்றாகிவிட்டது" என்றார். என் பில்லே எனக்கு எதிர்ச் சாட்சி! மூன்று வருஷம் கெஜட்டைப் புரட்டினேன். அந்தப் பொருளுக்கு உரிமை ஏற்கப்பட்டதாக ஒரு வரியும் வரவில்லை. முத்திரை மட்டும் சந்தையில் ஓடிக்கொண்டிருந்தது.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன். பால் பொங்காமல் காக்க இதே தத்துவத்தில் கண்ணாடித் தட்டு மேல்நாட்டில் வெகு காலமாக விற்கிறது என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஆக மிஸ்திரிக்கும் கிடைத்திராது, அவர்களுக்கும் கிடைத்திராது. இட்லிப் பானைக் காசே போதும், எங்கள் இருவரையும் தோற்கடிக்க. இதைத் தெரிந்துகொண்டபோது மிஸ்திரி உயிரோடு இல்லை.

ஊக்கு செய்தவரின் கதை

என் கதைக்கு அமெரிக்காவில் ஒரு மூத்த அண்ணன் உண்டு. வால்டர் ஹண்ட் என்று பெயர். நம் வீட்டுப் பெண்கள் புடவையில் குத்தும் ஊக்கு அவர் செய்தது. 1849 ஏப்ரல் 10ஆம் தேதி அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே கம்பி, நடுவில் ஒரு சுற்று, அதுவே ஸ்பிரிங், ஒரு நுனியில் கூர், மறு நுனியில் கூரை மூடும் கொக்கி. 15 டாலர் கடனை அடைக்கப் போய், 400 டாலருக்கு உரிமையை விற்றுவிட்டார் என்று சொல்வார்கள்.

அவர் இதைவிடப் பெரிய ஒன்றைக் கோட்டை விட்டவர். 1834 வாக்கிலேயே, ஊசியின் கூர்ப் பக்கத்தில் காது வைத்து, மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல் என்று பூட்டுத் தையல் போடும் இயந்திரத்தை அவர் செய்திருந்தார். இன்று நம் வீட்டுத் தையல் மிஷினின் உயிரே அதுதான். தையல் வேலை செய்து பிழைக்கும் ஏழைப் பெண்கள் வயிற்றில் அடிக்கும் என்று மகள் சொன்னதால் அதை அப்படியே விட்டுவிட்டார் என்பார்கள். 1846ல் எலையாஸ் ஹோ அதே கருத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகு சிங்கர் மிஷின் விற்கத் தொடங்கியதும் ஹோ அவர்மேல் வழக்குப் போட்டார். சிங்கர் தரப்பு, "உனக்கு முன்னால் ஹண்ட் செய்திருக்கிறார்" என்று பழைய மிஷினைத் தேடிப் பிடித்து நீட்டியது. ஹண்டும் அவசர அவசரமாக விண்ணப்பித்தார். 1854ல் காப்புரிமை ஆணையர் சொன்னார்: முதலில் செய்தவர் ஹண்ட்தான், ஆனால் இத்தனை வருஷம் கேட்காமல் கைவிட்டுவிட்டார், உரிமை ஹோவுக்கே. நிஜாம் பேலஸில் அந்த அதிகாரி எனக்குச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஹண்ட் 1859ல் இறந்தார்.

இன்று எப்படி?

கண்காட்சியில் வைத்தால் உரிமை போய்விடும் என்றேன். விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. மத்திய அரசு கெஜட்டில் அறிவித்த கண்காட்சி என்றால், அதில் வைத்துவிட்டு 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். நம் சங்கத்துப் பொங்கல் மேசை அந்தக் கணக்கில் சேராது. பூஜா பந்தலும் சேராது. ஆகவே முதலில் விண்ணப்பம், பிறகுதான் விற்பனை.

கையில் முழு விவரம் இல்லாவிட்டால் தற்காலிக விண்ணப்பம் போட்டு நாளைப் பிடித்துக்கொள்ளலாம். 12 மாதத்துக்குள் முழு விவரம் கொடுத்துவிட வேண்டும். தனி ஆள் கணினி வழியாகப் போட்டால் கட்டணம் 1,600 ரூபாய்தான். ஆய்வு செய்யச் சொல்லித் தனியாக மனுவும் கட்டணமும் உண்டு. வக்கீல் எழுதிக் கொடுத்தால் அது வேறு செலவு. அலுவலகம் கொல்கத்தா, டில்லி, மும்பை, சென்னை நான்கிலும் இருக்கிறது. நாம் குடியிருக்கும் மாநிலத்தைப் பொறுத்து எது என்று அமையும். ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா என்று அலுவலகத்தின் இணையத்தளத்தில் காசில்லாமல் தேடிப் பார்க்கலாம். என் காலத்தில் கெஜட்டைப் புரட்டிப் புரட்டி விரல் கறுத்துப்போயிற்று.

ஜெர்மனியில் இம்மாதிரிச் சின்னக் கருவிகளுக்கென்றே 1891லிருந்து தனிச் சட்டம். அதிக ஆய்வு இல்லாமல் பதிவு. ஆயுள் 10 ஆண்டுதான். நம் நாட்டில் அப்படி ஒன்று கிடையாது. பங்கா இயந்திரமும் பட்டறைத் தட்டும் பெரிய கம்பெனி மோட்டார் சைக்கிளும் ஒரே வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். மோட்டார் சைக்கிள் என்றதும் ஞாபகம் வருகிறது. இரண்டு ஸ்பார்க் பிளக் வைத்த எஞ்சினுக்காகப் பஜாஜும் நம்ம டி.வி.எஸ்ஸும் 2007லிருந்து சென்னை உயர் நீதிமன்றத்தில் மோதினார்கள். 2008ல் பஜாஜுக்குச் சாதகமாகத் தடை, 2009ல் தடை நீக்கம், பிறகு உச்ச நீதிமன்றம் வரை. கடைசியில் 2019ல் சமாதானம் செய்துகொண்டார்கள். அவர்களால் பன்னிரண்டு வருஷம் தாங்க முடியும். ஹவுரா மிஸ்திரியால் முடியுமா? ஜெர்மன் மாதிரிச் சட்டம் வந்தால் வீண் வழக்கு பெருகும் என்று சிலர் சொல்வது உண்மைதான். இருந்தாலும் வரட்டும் என்பதே என் எண்ணம்.

எங்கள் சமணத்தில் இல்லறத்தார் கொள்ளும் விரதங்களில் கள்ளாமை ஒன்று. அதற்குக் கேடு வரும் ஐந்து வழிகளைத் தத்துவார்த்த சூத்திரம் சொல்கிறது. திருடத் தூண்டுவது, திருட்டுப் பொருளை வாங்குவது, அளவையில் ஏமாற்றுவது என்று போய், கடைசியில் வருவது பிரதிரூபக வியவகாரம்: ஒன்றைப் போல இன்னொன்றைக் காட்டி விற்பது. சின்ன வயசிலேயே பாடம் செய்தவன் நான். எண்பதுகளில் என் கடையில் போலிக் குக்கர் வளையம் கட்டுக் கட்டாகத் தொங்கியது. பாதி விலை, கேட்பவர் அதிகம், நானும் விற்றேன். கடகடத் தட்டு விவகாரத்துக்குப் பிறகு அந்தக் கட்டை இறக்கி வைத்தேன். என்னிடம் யாரும் வந்து, "எங்க சரக்கை ஏன் காப்பியடிச்சு விக்கிறே?" என்று கேட்டதில்லை. மிஸ்திரி கேட்டது மட்டும் காதில் இருந்தது.

மிஸ்திரியின் மகன் அதே பட்டறையை இப்போது நடத்துகிறார். ஐ.டி.ஐ. படித்தவர், படம் வரையத் தெரியும். போன தீபாவளிக்கு இனிப்போடு வந்தவர், பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "அப்பா உங்ககிட்டதான் காட்டச் சொல்லுவாருன்னு நினைச்சேன், பாபு" என்றார். பார்த்தேன். சமையலறைச் சாமான்தான். தேடிப் பார்த்ததில் இதுவரை யாரும் செய்ததாகக் கிடைக்கவில்லை. தாமிரம் விற்ற பாக்கி வந்ததும் தற்காலிக விண்ணப்பம் போடுவதாக இருக்கிறோம். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயர், அவர் கையெழுத்து. அது என்ன கருவி என்று மலர்க் குழுத் தம்பி இரண்டு தடவை கேட்டுவிட்டார். அதை இங்கே எழுத மாட்டேன். மலர் அச்சாகி உங்கள் கைக்கு வந்துவிட்டால் அதுவும் வெளியிட்ட கணக்குத்தானே?